சல்மா லாத்தாவின் மூன்று வீசைக் கோட்டு

ரங்கூனின் தாமுவே மார்க்கெட்டில் குளிரைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தால் உம்மு சல்மாவைத்தான் கேட்பார்கள். அக்கா என்ற அர்த்தத்தில் எல்லோருக்கும் அவள் லாத்தா. கப்பலேறப் போகிற மாலுமி, கொரியாவுக்கு வேலைக்குப் போகிற பையன், மலைமேல் இருக்கிற பகோடாவுக்கு யாத்திரை கிளம்புகிற குடும்பம் என்று எல்லோரும் அவளுடைய கம்பளித் துணிக் கடை வாசலில் நின்று யோசனை வாங்கிக்கொண்டுதான் ஊரைத் தாண்டுவார்கள். எந்த நாட்டில் எத்தனை ஸ்வெட்டர், எந்தக் கடலில் எத்தனை ஜோடி காலுறை என்று அவள் மூச்சு விடாமல் சொல்லுவாள். குளிர் விஷயத்தில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஒரே ஒரு சின்னக் குறை என்னவென்றால், அவள் குளிரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ரங்கூனை விட்டு அவள் போன அதிக தூரம் ஐம்பது மைலில் இருக்கிற பெகு. அதுவும் மே மாதத்தில், ஒரு கல்யாணத்துக்கு.

ரங்கூனுக்கும் குளிர்காலம் உண்டுதான். டிசம்பர் விடியற்காலையில் டீக்கடைகளில் பாருங்கள், லுங்கிக்கு மேல் ஸ்வெட்டரும் தலையில் குரங்குக் குல்லாவுமாக ஆட்கள் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். வெயில் ஏறியதும் எல்லாவற்றையும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அவ்வளவுதான் அந்த ஊர்க் குளிர். அதை வைத்துக்கொண்டு உம்மு சல்மா உலகத்துக் குளிரையெல்லாம் அளந்துவிட்டாள்.

அவள் இந்த வியாபாரத்துக்கு வந்ததே ஒரு வீம்பில்தான். எண்பத்தெட்டுக் கிளர்ச்சியில் ஊர் புரண்டு எழுந்தபோது அவள் கணவர் அப்துல் பாரியின் லுங்கிக் கடை மூடியபடி கிடந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வியாபாரம் திறந்துவிட்டார்கள். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் பழந்துணிப் பொதிகள் போட்டாதாங் துறையில் வந்து இறங்கின. பொதியை உடைத்ததும் எல்லோரும் சட்டைக்கும் பாவாடைக்கும் அடித்துக்கொள்வார்கள். அடியில் கனத்த கோட்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும். வேர்வையில் நாறுகிற ஊரில் கம்பளிக் கோட்டை எவன் வாங்குவான்? உம்மு சல்மா வாங்கினாள். வாங்கக் கூடாது என்று நாலு பேர் சொன்னதற்காகவே வாங்கினாள். மார்க்கெட்டே சிரித்தது. ஆனால் பிழைப்புத் தேடி ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனார்கள். கிளம்புகிறவனுக்கெல்லாம் ஒரு கோட்டு வேண்டியிருந்தது. அப்துல் பாரி லுங்கியை மறந்து, கடைக்குப் பின்னால் உட்கார்ந்து மனைவி சொல்கிறபடி கோட்டு மடிக்கக் கற்றுக்கொண்டார்.

கோட்டோடு அவள் ஒரு வித்தையையும் சேர்த்து விற்றாள். அதற்குத் தனியாக விலை கிடையாது.

"குளிர் ஊர்ல சூடு கெடைக்காதுங்க," என்பாள். "இங்கேருந்துதான் கொண்டு போவணும். கெளம்புற அன்னைக்கு நல்ல உச்சி வேளையாப் பாத்து வீட்டுலயே எல்லாத்தையும் போட்டுக்கங்க. கீழ பனியன், அது மேல பிளானல் சட்டை, அது மேல ஸ்வெட்டர், அப்புறம் கோட்டு. ஒடம்பு கொதிச்சு வரட்டும். வந்ததும் கழுத்துல மப்ளரை இறுக்கிக் கட்டிட்டீங்கன்னா சூடு வெளிய போவாது. நம்ம ரங்கூன் வெயிலு, லேசுல ஆறாது."

பர்மிய மாலுமிகளுக்கு இதையே பர்மியில் இன்னும் வேகமாகச் சொல்வாள். அவர்களும் தலையாட்டிவிட்டு, எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, பக்கத்து ஸ்டூடியோவில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, தெப்பமாக நனைந்து விமான நிலையத்துக்குப் போவார்கள். இத்தனை வருஷத்தில் ஒருவன்கூடத் திரும்பி வந்து, "லாத்தா, நீங்கள் சொன்னது தப்பு" என்று சொன்னதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஊர் திரும்பியவன் அந்தக் கோட்டை அவளிடமே திருப்பி விற்பான். விற்க வந்த பொருளை எவனாவது குறை சொல்வானா? "பிரமாதமான கோட்டு லாத்தா, பனியில நின்னா வேர்க்குது," என்று சத்தியம் செய்வான். அவளும் நம்புவாள். நம்பி நம்பி, தோல்வி என்கிற ருசியே அவள் நாக்குக்குத் தெரியாமல் போய்விட்டது. தராசு தப்பு என்பாள், நாள்காட்டி தப்பு என்பாள், தான் தப்பு என்று மட்டும் சொன்னதில்லை. கட்டின கணவருக்கே அந்த வாக்கியத்தைக் கேட்கும் பாக்கியம் கிடைத்ததில்லை.

கடையில் விற்காத கோட்டு ஒன்று இருந்தது. பின்சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தாள். பழைய ராணுவ ஓவர்கோட்டு. எந்தப் படை எந்தக் காலத்தில் போட்டதென்று யாருக்கும் தெரியாது. பித்தளைப் பொத்தானில் தேய்ந்துபோன ஒரு சிங்கம் இருந்தது. அது நண்டு என்று சொல்கிறவர்களும் உண்டு. எதிர்க்கடை மீன்காரியின் தராசில் நிறுத்துப் பார்த்தபோது மூன்று வீசை, கிட்டத்தட்ட ஐந்து கிலோ இருந்தது. ஒரு மாதம் வரை மீன் வாடையும் இருந்தது. யார் கேட்டாலும், "அது விக்கிறதுக்கு இல்ல," என்பாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

இரண்டாயிரத்து இரண்டில்தான் தெரிந்தது. ஒரே மகள் ருமானாவுக்கு நியாஸ் என்ற மாப்பிள்ளை அமைந்தான். நல்ல பையன். ஜப்பானில் சப்போரோ என்ற ஊரில் பழைய கார் வாங்கி விற்கிற கம்பெனியில் வேலை. வருஷத்தில் பாதி நாள் அங்கே பனி கொட்டும் என்று கேள்விப்பட்டதும் உம்மு சல்மா எழுந்து போய் ஆணியில் தொங்கிய கோட்டைத் தடவிக் கொடுத்தாள்.

"இதுக்குத்தான்டி அல்லா இதை இவ்ளோ நாளா விக்க விடாம வச்சிருந்தான்."

"ஜப்பான்காரன் வேணாம்னு தூக்கிப் போட்ட துணியை நாம இங்க விக்கிறோம்," என்றார் அப்துல் பாரி. "நீ ஜப்பானுக்கே கோட்டு அனுப்புற." அந்த வருஷம் அவர் சொன்ன ஒரே வேடிக்கை அது. யாரும் சிரிக்கவில்லை.

நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை முன்னால் போய்விட்டான். விசா வந்ததும் ருமானா போக வேண்டும். பிப்ரவரி கடைசியில் விசா வந்தது. கூடவே, ஊருக்கு வந்த ஒரு நண்பன் கையில் மாப்பிள்ளை கொடுத்தனுப்பிய பொட்டலமும் வந்தது. பிரித்தால் மூன்று உருப்படிகள். உடம்போடு ஒட்டுகிற மெல்லிய உள்ளாடை ஒன்று. ஆட்டுக்குட்டி மாதிரி மொசுமொசுவென்று ஒரு மேல்சட்டை. கடைசியாகக் கத்தரிப்பூ நிறத்தில் உப்பலாக ஒரு ஜாக்கெட், உள்ளே வாத்து இறகு அடைத்தது. உம்மு சல்மா அந்த ஜாக்கெட்டைக் கையில் எடுத்துச் சுருட்டினாள். சுருட்டச் சுருட்ட அது சுருங்கி ஒரு தேங்காய் அளவுக்கு வந்து நின்றது. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இதைப் போட்டுக்கிட்டு வெளிய போனா குளிரு ஒன்னையப் பாத்துச் சிரிக்கும்டி."

"கனமா இருந்தாத்தான் சூடுன்னு யாரு உம்மா சொன்னா? அடுக்கு அடுக்காப் போடணும். நடுவுல நிக்கிற காத்துதான் சூடு குடுக்குது. வேர்த்தா ஒண்ணைக் கழட்டணும், குளிர்ந்தா ஒண்ணைப் போடணும். ஒடம்பு மட்டும் நனையவே கூடாதாம். அவுக போன்ல சொன்னாக."

"காத்தா? காத்தைத் தச்சு விக்கிறானுவளா? நான் இத்தனை வருஷமா அடுக்கித்தான்டி அனுப்புறேன். ஒருத்தன் திரும்பி வந்து குளிருதுன்னு சொல்லியிருக்கானா?"

ருமானா யார் மகள்? அவளும் விடவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு போக மாட்டேன் என்றாள். உம்மு சல்மா அந்த ஜாக்கெட்டோடு அவளை அனுப்ப மாட்டேன் என்றாள். ஒரு வாரம் வீட்டில் சோறு கொதித்ததைவிடச் சண்டைதான் அதிகம் கொதித்தது. பாவம், சல்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். தெரியாத ஊரில் பனியில் இறங்குகிற முதல் நாள், மகள் தன் கையால் கொடுத்த ஒன்றுக்குள் இருக்க வேண்டும். அதைச் சொல்லியிருந்தால் ருமானா ஒரு நொடியில் கோட்டை வாங்கிக்கொண்டிருப்பாள். அதைச் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொன்னாள்.

பந்தயம் கட்டலாம் என்ற யோசனை ருமானாவுடையது. உம்மு சல்மாவுக்குத் தம்பி முறையான சாச்சா மகன் கமால், க்யிம்யிண்டைங் ஆற்றங்கரையில் இறால் உறைய வைக்கிற ஒரு கம்பெனியில் குளிர் அறைக்கு மேஸ்திரி. உள்ளே தண்ணீர் உறைகிற அளவுக்கும் கீழே, சப்போரோவே வெட்கப்படும்படியான குளிர். பர்மியர்களின் தபாங் பௌர்ணமி விடுமுறையன்று கம்பெனியில் ஆள் அதிகம் இருக்காது. தாயும் மகளும் அவரவர் உடுப்போடு உள்ளே போக வேண்டியது. முதலில் கதவைத் திறக்கச் சொல்கிறவள் தோற்றவள்.

"நீ தோத்தா கோட்டோட போவணும்," என்றாள் உம்மு சல்மா. "நான் தோத்தா நீ அந்த வாத்தோட போ. அப்புறம் நான் வாயைத் தெறக்க மாட்டேன்."

கடைசி நிபந்தனையைக் கேட்டதும் அப்துல் பாரி மூலையிலிருந்து எழுந்து வந்து, நல்ல யோசனைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பௌர்ணமியன்று வெயில் தலையைப் பிளந்தது. உம்மு சல்மா தன் வித்தைப்படியே உச்சி வேளையில் வீட்டில் உடுத்த ஆரம்பித்தாள். வேறு வழியும் இல்லை. அந்நிய ஆண்கள் வந்து போகிற இடத்தில் போய் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு நிற்கவா முடியும்? பருத்திப் பனியன், பிளானல் சட்டை, அதன்மேல் இன்னொரு பிளானல் சட்டை, ஸ்வெட்டர், கோட்டு. கழுத்தில் மப்ளர் மூன்று சுற்று, தலையில் குரங்குக் குல்லா, காலில் இரண்டு ஜோடி காலுறை, அதற்கு மேல் செருப்பு. குள்ளமான பெண்பிள்ளை, கோட்டின் அடி தரையைப் பெருக்கியது. குல்லாவின் ஓட்டைக்குள் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய கன்னங்கள் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தன. ருமானா அந்த மெல்லிய உள்ளாடைக்கு மேல் சாதாரணச் சுரிதாரைப் போட்டுக்கொண்டு, மற்றதை ஒரு பையில் திணித்துக்கொண்டாள்.

லைன்கார் என்கிற குட்டி பஸ்ஸில் ஏறியபோது எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள். நோயாளி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. "அமே, நேகாவுன்லா?" என்று கண்டக்டர் பையன் உடம்பு எப்படி இருக்கிறதென்று மெதுவாக விசாரித்தான். உம்மு சல்மா கோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சூடு ஏற்றிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்தில் தனாக்கா கரைந்து மப்ளரில் இறங்கியது. பனியன் நனைந்து, முதல் சட்டை நனைந்து, இரண்டாவது சட்டையும் நனைந்து முதுகில் ஒட்டியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு பொத்தானைக் கழட்டுங்க உம்மா."

"ஒன் தந்திரம் எனக்குத் தெரியும்டி. சூடு போயிரும்."

கம்பெனி வாசலில் கமால் நின்றான். கம்பெனி கொடுத்த உப்பலான ஜாக்கெட்டும் கால்சட்டையும் மாட்டியிருந்தான். லாத்தாவைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். ருமானா பையிலிருந்து மொசுமொசுச் சட்டையையும் கத்தரிப்பூ ஜாக்கெட்டையும் எடுத்துச் சுரிதாருக்கு மேலேயே போட்டு ஜிப்பை இழுத்தாள். அவ்வளவுதான் அவளுடைய ஏற்பாடு. கமால் கதவைத் திறந்தான். வெள்ளைப் புகை தரையில் உருண்டு வந்தது. மூன்று பேரும் உள்ளே போனார்கள். கதவு பின்னால் மூடிக்கொண்டது.

கூரை வரைக்கும் இறால் பெட்டிகள். மேலே விசிறிகள் இரைந்தன. முதலில் உம்மு சல்மாவுக்குச் சொர்க்கமாக இருந்தது. வெயிலில் வெந்து வந்த உடம்பல்லவா! குப்பென்று வந்த குளிர் முகத்தில் பட்டதும் அவளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? பாத்தியாடி? நான் ஏத்திட்டு வந்த சூடு உள்ள அப்படியே நிக்குது."

ருமானா சிரித்துக்கொண்டு கையை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து யாரோ முதுகில் ஈரத்துணியை வைத்த மாதிரி இருந்தது. யாரும் வைக்கவில்லை. அவளுடைய சொந்தப் பனியன்தான். அப்புறம் மார்பில், அப்புறம் அக்குளில், அப்புறம் இடுப்பைச் சுற்றி. உச்சி வெயிலில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வேர்வை முழுக்க, இப்போது ஒரு சொட்டு விடாமல் குளிர்ந்துகொண்டிருந்தது. மூன்று வீசைக் கோட்டு வெளிக்குளிரை நன்றாகத்தான் தடுத்தது. ஆனால் குளிர் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. அவளே மூட்டை கட்டிக் கொண்டுவந்த குளிர். மூச்சு பட்ட மப்ளர் விறைத்து வெள்ளை பூத்தது. கால்விரல்கள் இருக்கின்றனவா என்று சந்தேகம் வந்தது. பேசலாம் என்று பார்த்தாள், தாடை தனியாக ஆடியது. பேச்சு வராத உம்மு சல்மாவை ருமானா பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குக் குளிர் என்றால் என்ன என்று தெரிந்தது. அவள் நினைத்திருந்த மாதிரி அது டீக்கடையில் கையைத் தேய்த்துக்கொள்கிற சங்கதி இல்லை. அதற்கு ஆளைப் பிடிக்காது. ஆளைக் கொல்லப் பார்க்கும். கதவைத் திற என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. கத்தினால் தோற்றுவிடுவாள். மனதுக்குள் சலவாத்து ஓத ஆரம்பித்தாள். கமால் கதவுப் பிடியில் கை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ருமானாவும் பார்த்தாள். அம்மாவின் புருவத்தில் வெள்ளை படிந்திருந்தது. உதடு நாவல்பழ நிறத்துக்குப் போயிருந்தது.

"மாமா, கதவைத் தெறங்க," என்றாள் ருமானா திடீரென்று. "என்னால முடியல. ரொம்பக் குளிருது. நான் தோத்துட்டேன்."

உம்மு சல்மா திரும்பி மகளைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வேர்த்திருந்தது.

கதவு திறந்தது. உம்மு சல்மா, கோட்டால் தரையைப் பெருக்கிக்கொண்டே, ஜெயித்தவளாக வெளியே நடந்து வந்தாள்.

அடுத்த நாள் மார்க்கெட் முழுக்கச் செய்தி பரவியது. கோட்டு ஜெயித்துவிட்டது, வாத்து தோற்றுவிட்டது. பரப்பியது அவளேதான், படுக்கையில் கிடந்தபடி. மார்ச் மாதத்தில் இரண்டு ரஜாயைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறவளைப் பார்த்து, "காய்ச்சலா?" என்று கேட்டார் அப்துல் பாரி.

"வெயிலு ஒத்துக்கல," என்றாள்.

ரஜாய்க்குள் அவளுக்கு வேறொன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. பயம். இத்தனை நாளும் சப்போரோ என்பது அவளுக்கு ஒரு பெயர்தான். இப்போது அது ஒரு இரும்புக் கதவும் வெள்ளைப் புகையுமாகிவிட்டது. அதற்குள் தன் பிள்ளையை அனுப்பப் போகிறாள், அதுவும் தன் கோட்டைக் கொடுத்து. "கோட்டு வேணாம்டி, ஜாக்கெட்டைப் போட்டுக்க," என்று சொன்னால் முடிந்தது. நாலு வார்த்தை. நாலையும் ரஜாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். சொன்னால் அன்றைக்குப் பெட்டிகளுக்கு நடுவே நடந்ததையும் சொல்ல வேண்டும். அதற்கு அவள் செத்துப்போகலாம்.

அதனால் திருட்டு வழியில் இறங்கினாள். ருமானா குளிக்கப் போன சமயம் பார்த்துப் பெட்டியைத் திறந்து, கோட்டை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு ஜாக்கெட்டை உள்ளே வைத்தாள். மறுநாள் பார்த்தால் பெட்டியில் கோட்டு இருந்தது. மறுபடியும் மாற்றினாள். மறுபடியும் கோட்டு வந்து படுத்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது மீன் குழம்பில் புளி கூடுதலா குறைச்சலா என்று பேசிக்கொண்டார்கள். பந்தயம் பந்தயம்தான், உம்மா ஜெயித்ததை உம்மாவிடமிருந்து பிடுங்கக் கூடாது என்று ருமானா முடிவு செய்துவிட்டாள் என்பது சல்மாவுக்குப் புரிந்தது. இந்தப் பிடிவாதம் எந்தக் குடும்பத்திலிருந்து வந்ததோ தெரியவில்லை என்று அப்துல் பாரியின் வம்சத்தைத் திட்டினாள்.

கிளம்புகிற அன்று ருமானா கைப்பையோடு மார்க்கெட்டுக்குப் போய் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்புறம் அறையிலிருந்து கோட்டைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தாள். பெட்டியில் வைத்தால் எடை கூடிவிடுமாம். மங்களாடோன் விமான நிலையத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பித்தளைப் பொத்தான்களைத் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தாள். உம்மா பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். பிள்ளையின் நெற்றியில் வேர்வை ஓடியது. சொல்லு, இப்போதாவது சொல்லு என்று உம்மு சல்மாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"மேல் பொத்தானைத் தொறந்து விட்டுக்க," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

ருமானா ஆச்சரியமாகப் பார்த்தாள். "சூடு வெளிய போயிருமே உம்மா?"

"போனாப் போவுது."

கட்டிப்பிடித்து அழுதார்கள். கோட்டு நடுவில் இருந்ததால் சரியாகக் கட்டிப்பிடிக்கவும் முடியவில்லை. மகள் உள்ளே போனாள். ஜாக்கெட் எப்படியும் பெட்டிக்குள் இருக்கிறது, காலையில் கடைசியாக மாற்றியது நான்தானே என்று உம்மு சல்மா தன்னைத் தேற்றிக்கொண்டு கடைக்குத் திரும்பினாள். பின்சுவரைப் பார்த்தாள். கோட்டு தொங்கிய ஆணியில் கத்தரிப்பூ நிற ஜாக்கெட் தொங்கியது. ஜிப்பைக் கழுத்து வரைக்கும் ஒழுங்காக இழுத்து மூடி மாட்டியிருந்தாள் பாவி மகள். உம்மு சல்மா அந்த ஆணிக்குக் கீழே, பழந்துணிப் பொதிமேல், பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு நாள் அவள் யாருக்கும் யோசனை சொல்லவில்லை. ஒரு மாலுமி வந்து, எல்லாவற்றையும் எப்போது போட்டுக்கொள்ளலாம் என்று கேட்டான். "போற எடத்துல எறங்கிப் போட்டுக்கங்க. வேர்க்க விடாதீங்க," என்றாள் எங்கோ பார்த்துக்கொண்டு. பின்னால் கோட்டு மடித்துக்கொண்டிருந்த அப்துல் பாரியின் கை நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் பர்கத்துல்லாவின் மசாலாக் கடையிலிருந்து ஆள் ஓடி வந்தான். அந்த வரிசையில் போன் இருந்த கடை அது ஒன்றுதான். யாருக்கு எந்த நாட்டிலிருந்து போன் வந்தாலும் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நின்று, தும்மிக்கொண்டே, வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தித்தான் பேச வேண்டும். உம்மு சல்மா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். பின்னால் அப்துல் பாரி. அவருக்குப் பின்னால் மீன்காரி.

முதலில் மாப்பிள்ளை பேசினான். நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டாள் மாமி, ஆனால் கோட்டைக் கழற்ற மாட்டேன் என்கிறாள், இங்கே இன்னும் பனி விடவில்லை, புதிதாக ஒரு ஜாக்கெட் வாங்கிக் கதவோரம் மாட்டியிருக்கிறேன், தொட்டுக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறாள், நீங்களாவது சொல்லுங்கள் என்றான். அப்புறம் ருமானா வந்தாள்.

"உம்மா, கோட்டு சூப்பரா இருக்கு. வெளிய போய்ட்டு வந்தேன். குளிரவே இல்ல."

அவளுடைய தாடை தனியாக ஆடுவது ரங்கூன் வரைக்கும் கேட்டது.

"பொய் சொல்லாதடி. கழட்டு அதை. மாப்பிள்ளை வாங்கிக் குடுத்ததைப் போடு."

"அதெப்படி? நான்தானே தோத்தேன்."

"நீ தோக்கலடி!"

"என்ன உம்மா? கேக்கல."

உம்மு சல்மா சுற்றிலும் பார்த்தாள். பர்கத்துல்லா மஞ்சள் நிறுப்பதை நிறுத்திவிட்டான். மீன்காரி வாயைத் திறந்தபடி நின்றாள். எதிர்ச் சாரியிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்துல் பாரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மிளகாய் நெடியால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை அது.

"நாந்தான் தோத்தேன்!" என்று போனுக்குள் கத்தினாள். "அன்னைக்கு ஒனக்கு வேர்த்துச்சு, நான் பாத்தேன்! நான்தான் வெறைச்சுப் போயி நின்னேன்! என் கோட்டுத் தப்பு, நான் சொன்னது தப்பு, எல்லாம் தப்பு! நான் தோத்துட்டேன்! போதுமாடி? கேட்டுச்சா?"

மார்க்கெட் முழுக்கக் கேட்டுவிட்டது. போனில்தான் ஒரு சத்தமில்லை. கம்பி அறுந்துவிட்டதோ என்று அவள் பயந்துபோனாள். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"மொதத் தடவையே கேட்டுச்சு உம்மா," என்றாள் ருமானா. "இன்னொரு தடவை சொல்லுங்க. சொன்னாக் கழட்டுறேன்."

உம்மு சல்மா இன்னொரு தடவையும் சொன்னாள்.